19 நாள் குழந்தை, வலது கையைத் தூக்கவில்லை. உரம் எடுக்கலாமா?

கம்பம்_மருமகள் | ஞாயிறு, இரவு 11.20

முதல் பிரசவம். ஆண் குழந்தை, 3 கிலோ 900 கிராம். சுகப்பிரசவம் என்றுதான் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது.

தலை வந்ததும் "தலை வந்துருச்சும்மா, இன்னும் ஒரே முக்கு" என்றார்கள். அப்புறம் அந்த அறையில் யாரும் பேசவில்லை. ஒரு நர்ஸ் ஸ்டூல் மேல் ஏறி மேல்வயிற்றை அமுக்கினார். டாக்டரம்மா தலையைப் பிடித்து இழுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவரில் கடிகாரம் இருந்தது, நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே வலது கையை அசைக்கவில்லை. கேட்டதற்கு, "கொஞ்சம் இழுபட்டிருக்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்றார்கள். இன்று 19-ஆம் நாள். கை உடம்பை ஒட்டிக் கிடக்கிறது. உள்ளங்கை பின்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடங்கி, யாருக்கும் தெரியாமல் பின்னால் கை நீட்டிக் காசு வாங்குகிற மாதிரி இருக்கிறது. ஆனால் என் விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறான்.

அத்தை பார்த்துவிட்டு உரம் விழுந்திருக்கிறது என்கிறார். செவ்வாய்க்கிழமை உரம் எடுக்கும் பாட்டி வருகிறார், சேலையில் போட்டு உருட்டுவாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்றால், "நாலு பெத்தவளுக்குத் தெரியாததா" என்று வரும். யாராவது சொல்லுங்கள்.


மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, இரவு 11.41

பயப்படாதீங்க தங்கச்சி. என் பாப்பாவுக்கு ரெண்டு தடவை உரம் எடுத்தோம். உருட்டி முடித்ததுமே அழுகை நின்று தூங்கிவிட்டாள். கை ராசியுள்ள பாட்டியாக இருந்தால் ஒன்றும் ஆகாது.


பழைய_லேபர்வார்டு | திங்கள், காலை 5.50

31 வருடம் பிரசவ வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: செவ்வாய்க்கிழமை அந்தப் பாட்டி வரட்டும், காப்பி கொடுங்கள், குழந்தையைச் சேலையில் போட மட்டும் விடாதீர்கள்.

நம் ஊரில் உரம் என்ற ஒரே சொல்லுக்குள் பத்துச் சங்கதி இருக்கிறது. தூக்கும்போது கழுத்துச் சுளுக்கி அழுதாலும் உரம், வயிற்றில் காற்று சேர்ந்து அழுதாலும் உரம், பால் குடிக்க ஒரு பக்கம் திரும்பாவிட்டாலும் உரம். இதில் பல தானாகவே சரியாகும். அன்றைக்கு உருட்டியிருந்தால் பாட்டிக்குப் பேர். மல்லிகை, உங்கள் பாப்பா தூங்கினாள் என்றால் சந்தோஷம். ஆனால் உங்கள் பாப்பா இரண்டு கையையும் ஆட்டி அழுதாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு கை வேலை செய்யவில்லை. அது வேறு.

அம்மா, நீங்கள் சொல்லும் அந்தக் காசு வாங்குகிற கையைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும். கழுத்திலிருந்து கைக்கு ஐந்து நரம்பு வேர்கள் இறங்குகின்றன. தலை வந்த பிறகு முன்தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால், தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து இழுபடும். மேலே இருக்கும் இரண்டு வேர்கள், சி5, சி6, முதலில் அடி வாங்கும். தோளைத் தூக்குவதும் முழங்கையை மடக்குவதும் அவற்றின் வேலை. இதற்கு எர்ப் பால்சி என்று பெயர். விரலைப் பிடிக்கிறான் என்பது நல்ல செய்தி. விரலுக்குப் போகும் கீழ்வேர்கள் பிழைத்திருக்கின்றன.

இன்றைக்கே பார்க்க வேண்டியவை:

தோளுக்கு முன்னால் காறை எலும்பை மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிரசவத்தில் அதிகம் முறிவது அதுதான். முறிந்திருந்தால் இந்நேரம் புளியங்கொட்டை போல ஒரு கட்டி தட்டுப்படும். அது எலும்பு கூடுகிறது என்று அர்த்தம், பயம் வேண்டாம். ஆனால் கூடிக்கொண்டிருக்கும் எலும்போடு பிள்ளையைச் சேலையில் உருட்டினால் என்ன ஆகும் என்று அத்தையிடமே கேளுங்கள்.

அந்தப் பக்கத்துக் கண்ணிமை கொஞ்சம் சரிந்திருக்கிறதா, கருவிழியின் நடுப்புள்ளி மறு கண்ணைவிடச் சிறிதாக இருக்கிறதா? மூச்சு வேகமாக வாங்குகிறானா? மூச்சு விடும் தசைக்குப் போகும் நரம்பும் கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது. இதில் எது இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் குழந்தை மருத்துவரிடம் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுங்கள். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள்.


கம்பம்_மருமகள் | திங்கள், காலை 6.35

இமை சரியாக இருக்கிறது. மூச்சும் நன்றாகத்தான் இருக்கிறது. காறை எலும்பில் கட்டி ஒன்றும் தெரியவில்லை. கை நடுங்குகிறது எனக்கு, அதனால் சரியாகத் தடவினேனா தெரியவில்லை. வீட்டுக்காரரை எழுப்பி உங்கள் பதிலை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன் அம்மா.


ரெட்டைஜடை_அப்பா | திங்கள், மதியம் 1.15

தங்கச்சி, என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளுக்கும் வலது கைதான். 4 கிலோ 200 கிராம். என் மனைவிக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தது, ஸ்கேனில் பிள்ளை பெரிது என்று தெரிந்திருந்தது, யாரும் எங்களிடம் உட்கார்ந்து பேசவில்லை. அந்தக் கோபத்தை இங்கே இறக்கி வைக்க வரவில்லை. நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யக்கூடாது என்று வந்தேன்.

எங்களிடமும் ஒரு வாரம் என்றார்கள். அப்புறம் ஒரு மாதம் என்றார்கள். அப்புறம் "பிள்ளைகளுக்கு எல்லாம் தானா வளரும்" என்று என் அம்மா. எண்ணெய் போட்டோம், கயிறு கட்டினோம், உருட்டவும் உருட்டினோம். நான்கு மாதம் முடிந்த பிறகுதான் நரம்பு பார்க்கும் அறுவை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "மூணு மாசம் முடியறப்ப முழங்கையை மடக்கினாளா?" எங்களுக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நரம்பு வெறுமனே இழுபட்டிருந்தால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானே தெளியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுதான். நடுவில் அறுந்திருந்தால் தானாக ஒழுங்காகச் சேராது. தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கி வந்திருந்தால் சேரவே சேராது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான், துவண்ட கை. எது என்று பிரித்துக் காட்டுவது நாட்கள்தான். அதனால்தான் மாதா மாதம் பார்த்து எழுதி வைக்க வேண்டும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளருமாம். கழுத்திலிருந்து புஜத்துத் தசைக்கு அது நடந்து வர மாதங்கள் ஆகும். அதுவரை நரம்பில்லாமல் கிடக்கும் தசை இளைத்துக்கொண்டே போகும். மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் அறுவையை முடிவு செய்வது அதனால்தான்.

மகளுக்கு ஐந்தரை மாதத்தில் செய்தார்கள். கெண்டைக்காலின் பின்பக்கமிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைத்தார்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான் இழப்பு.

இப்போது சைக்கிள் ஓட்டுகிறாள், எழுதுவது இடது கை. வலது கை தலைவரை வரும், பின்னந்தலைக்குப் போகாது. பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை. இடது ஜடையை அவளே பின்னிக்கொள்வாள். வலது ஜடை தினமும் நான்தான். காலை 7.40-க்கு ரிப்பன் கட்டி முடித்தால்தான் வேன் பிடிக்க முடியும். இந்த இழையில் என் பெயருக்குக் காரணம் அதுதான்.


மல்லிகைப்பந்தல் | திங்கள், மதியம் 2.02

அண்ணா, அழ வைத்துவிட்டீர்கள். எனக்குத் தெரியாமல்தான் சொன்னேன். தங்கச்சி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.


கூம்புத்தலை | திங்கள், மாலை 4.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேக்கம் (தலையில் ஒட்டி இழுக்கும் உறிஞ்சு கருவி) வைத்து எடுத்தார்கள். பாப்பாவுக்கு ஆறு நாள். பிறந்தபோது தலை கூம்பாக இருந்தது, அது வற்றிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து வலது பக்க மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தண்ணி கோத்த மாதிரி வீக்கம். மஞ்சள் காமாலை வேறு, லைட்டில் வைத்து எடுத்தார்கள். தினமும் தலையை உருட்டி அமுக்கிவிட்டால் வடியும் என்கிறார் என் அம்மா. செய்யலாமா?


பழைய_லேபர்வார்டு | திங்கள், இரவு 8.10

அமுக்காதீர்கள். ஊசி போட்டு உறிஞ்சவும் யாரையும் விடாதீர்கள், அதில் கிருமி போய்ச் சீழ் பிடித்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

பிறக்கும்போதே இருந்த கூம்பு, தோலுக்கடியில் நீர் கோத்தது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். இப்போது இருப்பது மண்டை எலும்புக்கும் அதன் மேல்சவ்வுக்கும் நடுவே கசிந்த ரத்தம், செபலோஹிமடோமா என்பார்கள். சவ்வு அந்த எலும்போடு ஒட்டியிருப்பதால் வீக்கம் எலும்பின் விளிம்பைத் தாண்டாது, ஒரு பக்கமே நிற்கும். சில வாரம், சிலருக்கு சில மாதம் ஆகும். கரையும்போது ஓரம் கெட்டியாகிக் குழி விழுந்த மாதிரி இருக்கும், அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். காமாலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கசிந்த ரத்தம் சிதையும்போது மஞ்சள் கூடும். கண்ணும் உள்ளங்காலும் மறுபடி மஞ்சளானால் உடனே கொண்டு போங்கள்.

எங்களைத் தூங்க விடாதது மூன்றாவது வகை. மண்டைத்தோலின் அடிப்படலத்துக்குக் கீழே ரத்தம் பரவுவது. அது எலும்பு விளிம்பில் நிற்காது, காதுக்குப் பின்னால், பிடரிவரை தளதளவென்று இறங்கும். வேக்கம் வைத்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும், முதல் ஒன்றிரண்டு நாளிலேயே. 3 கிலோ பிள்ளையின் மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். அந்த இடத்துக்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். வெளியே சொட்டு ரத்தம் தெரியாது, பிள்ளை வெளுத்துக்கொண்டே போகும். வேக்கம் வைத்த பிள்ளையின் தலையை மணிக்கொரு முறை தொட்டுப் பார் என்று என் சீனியர் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான். உங்கள் பாப்பா அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டாள்.


பழங்கதை | திங்கள், இரவு 9.25

ரெட்டைஜடை அப்பாவின் பதிவைப் படித்ததும் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நினைவுக்கு வந்தார். 1859 ஜனவரி 27, பெர்லின். கால் பக்கம் முதலில் வந்த பிரசவம், தாய்க்கு 18 வயது. இழுத்ததில் இடது கை போனது. அந்தத் தாய் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள், வைத்தியத்துக்குக் குறை வைப்பார்களா? அப்போதுதான் வெட்டிய முயலின் சூட்டுக்குள் குழந்தையின் கையைச் செருகி வைத்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். நல்ல கையை உடம்போடு கட்டிப் போட்டார்கள், சோம்பேறிக் கை பழகட்டும் என்று. ஒன்றும் பலிக்கவில்லை. வளர்ந்தபோது இடது கை சுமார் 15 சென்டிமீட்டர் குட்டை. அவருடைய படங்களைப் பாருங்கள், அந்தக் கையில் கையுறைகளைப் பிடித்திருப்பார், இல்லையென்றால் வாளின் பிடிமேல் வைத்திருப்பார். நீளம் தெரியாமல் இருக்க.

பேரரண்மனையிலும் உரம் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல வந்தேன்.


ரெட்டைஜடை_அப்பா | திங்கள், இரவு 9.50

இதை மகளிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கிளவுஸ் நல்ல ஐடியாப்பா" என்றாள்.


கருப்புக்கோட்டு | செவ்வாய், காலை 10.05

நான் வழக்கறிஞர். உணர்ச்சியாக எழுத வராது, ஒரு காரியம் மட்டும் சொல்கிறேன்.

கம்பம் சகோதரி, கேஸ் ஷீட்டின் முழு நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பிரசவ நேரக் குறிப்பு, இதயத்துடிப்புத் தாள், குழந்தையின் பரிசோதனைக் குறிப்பு எல்லாம் சேர்த்து. மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வழக்குப் போடுவதும் போடாததும் அப்புறம். இப்போது அது உங்கள் டாக்டருக்கே தேவைப்படும். கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு.

பிரிட்டனில் மான்ட்கோமெரி வழக்கு என்று ஒன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாய், உயரம் குறைவு, சர்க்கரை நோய். அவரைப் போன்றவர்களுக்குப் பிள்ளையின் தோள் சிக்க 9 முதல் 10 சதவீத வாய்ப்பு என்று மருத்துவருக்குத் தெரியும். சொன்னால் பெண்கள் சிசேரியன் கேட்பார்கள் என்று சொல்லாமல் விட்டார். 1999-இல் பிறந்த குழந்தையின் தலை வந்து உடல் வர 12 நிமிடம் ஆனது. மூளைப் பாதிப்பு, கை நரம்பும் போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் தாய் பக்கம் தீர்ப்புச் சொன்னது: எந்த ஆபத்தைத் தெரிவிப்பது என்பது மருத்துவரின் விருப்பம் அல்ல, தெரிந்துகொள்வது தாயின் உரிமை.


நைட்_டூட்டி | செவ்வாய், இரவு 11.55

நான் மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். கொஞ்சம் எங்கள் பக்கமும்.

தோள் சிக்கும் பிரசவங்களில் சுமார் பாதியில் குழந்தையின் எடை 4 கிலோவுக்குக் கீழேதான். முன்கூட்டி உறுதியாகச் சொல்ல வழி இல்லை. தலை வந்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆமை தலையை இழுப்பது போல. அந்த நொடியிலிருந்து கையில் இருப்பது சில நிமிடங்கள். அதற்குள் பிள்ளை வராவிட்டால் மூளைக்கு ஆக்சிஜன் இல்லை. அந்த நேரத்தில் காறை எலும்பு முறிந்தாலும் பிள்ளை உயிரோடு வந்தால் போதும் என்றுதான் தோன்றும். ஒரு மருத்துவர் சரியாகவே எல்லாம் செய்தும் நரம்பு இழுபடலாம். அபூர்வமாகச் சிசேரியனிலும் நடந்திருக்கிறது. துவண்ட கை என்றாலே தவறு என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் ஸ்டூல் மேல் ஏறி வயிற்றை அமுக்கியது பற்றி: தோள் சிக்கினால் முதலில் தாயின் இரண்டு தொடைகளையும் நன்றாக மடக்கி வயிற்றோடு சேர்க்க வேண்டும். கூடவே அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, பிள்ளையின் தோள் இருக்கும் இடத்தில் அமுக்க வேண்டும். மேல்வயிற்றில் அமுக்கினால் சிக்கிய தோள் எலும்பில் இன்னும் இறுகும். சாதாரணப் பிரசவத்திலேயே மேல்வயிற்றை அமுக்குவதை உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில் பரிந்துரைக்கவில்லை. எங்கள் வார்டில் ரப்பர் பொம்மை வைத்துப் பயிற்சி எடுக்கிறோம். எல்லா இடத்திலும் எடுக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.


பழைய_லேபர்வார்டு | புதன், காலை 5.45

தம்பி சொல்வது சரி. நானும் அந்தக் காலத்தில் ஸ்டூலில் ஏறியவள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் தப்பு என்று சொல்லித் தரவில்லை. சிக்கல் எந்தக் கைக்கும் வரும். ஆனால் சிக்கிய பிறகு, "உங்க பிள்ளைக்குக் கை நரம்பு இழுபட்டிருக்கு, இந்தத் தேதியில் இவரைப் பாருங்க" என்று சீட்டில் இரண்டு வரி எழுத எத்தனை நிமிடம் ஆகும்? சுகப்பிரசவம் என்று எழுதி அனுப்பினால் அந்தப் பெண் உரம் எடுக்கத்தான் போவாள். பாட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?


கம்பம்_மருமகள் | வியாழன், இரவு 10.15

நேற்று தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. எர்ப் பால்சிதான். பதினெட்டு வயதுவரை பிள்ளைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் டி.இ.ஐ.சி. மையத்தில் பதிந்துவிட்டார்கள். பிசியோ அக்கா கையைப் பிடித்துக் காட்டினார்: முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், கதவு திறப்பது போல. ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் பத்து தடவை. அது இறுகிவிட்டால் நரம்பு வந்தாலும் தோள் திரும்பாதாம். அந்தக் கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் இருக்கலாம், வெந்நீரில் கவனம் என்றார். மூன்று மாதத்தில் முழங்கை மடங்காவிட்டால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே இருக்கும் துறைக்கு எழுதித் தருவதாகச் சொன்னார்கள்.

பாட்டி செவ்வாய்க்கிழமையே வந்தார். பழைய லேபர் வார்டு அம்மா எழுதிய காறை எலும்புச் சங்கதியை வீட்டுக்காரர் அத்தைக்கு வாசித்துக் காட்டியிருந்தார். அத்தை பதில் பேசவில்லை. பாட்டியிடம், "இன்னைக்கு வேணாம்த்தா, பிள்ளைக்குச் சளி" என்று பொய் சொன்னார்.


ரெட்டைஜடை_அப்பா | வியாழன், இரவு 10.40

உங்கள் அத்தைக்கு என் வணக்கம்.

ஒரு யோசனை. வாரத்துக்கு ஒருமுறை, மல்லாக்கப் படுக்க வைத்து, சட்டையில்லாமல், இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், அல்லது வீறிடும். வீடியோதான் பேசும்.

ஒன்பது மாதத்தில் ஒரு சோதனை இருக்கிறது, கனடாவில் டொரன்டோ மருத்துவர்கள் கொண்டுவந்தது. குழந்தையின் மேல்கையை உடம்போடு பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுப்பார்கள். கழுத்தை ரொம்ப வளைக்காமல் வாய்க்குக் கொண்டு போகிறதா என்று பார்ப்பார்கள். என் மகள் அறுவைக்குப் பிறகு அதைச் செய்தபோது பிஸ்கட் மூக்கில் இடித்து உடைந்தது. டாக்டர் பாஸ் போட்டுவிட்டார்.


கம்பம்_மருமகள் | எட்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

இழையை மேலே கொண்டு வருகிறேன். இன்று 75-ஆம் நாள்.

முந்தாநாள் குளிப்பாட்டித் துண்டில் போட்டிருந்தேன். வலது கையைச் சப்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. முஷ்டியைக் கட்டிக்கொண்டு முனகினான். முழங்கை தரையை விட்டு எழும்பவில்லை, ஆனால் மடங்கியது. முஷ்டி நெஞ்சுவரை வந்து விழுந்தது. மறுபடி வந்தது, விழுந்தது. நாலாவது தடவை தாடையில் இடித்தது. வாய்க்கு இன்னும் ஒரு விரற்கடை.

நான் வீடியோ எடுக்க மறந்து நின்றுவிட்டேன். அத்தைதான் போனைப் பிடுங்கி எடுத்தார். பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல்தான் இருக்கிறது.

தோள் இன்னும் தூக்கவில்லை. புதன்கிழமை காட்டப் போகிறோம்.


பழைய_லேபர்வார்டு | ஞாயிறு, மாலை 6.31

கட்டைவிரலோடு அப்படியே கொண்டு போய்க் காட்டுங்கள். தோளுக்குப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.


ரெட்டைஜடை_அப்பா | ஞாயிறு, மாலை 6.45

75-ஆம் நாள் என்று எழுதி வைத்துவிட்டீர்களா?


கம்பம்_மருமகள் | ஞாயிறு, மாலை 6.47

காலண்டரில் அத்தை சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருக்கிறார் அண்ணா.